பாட்டிக்கு கால்சியம் மாத்திரை: வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குக் கிளம்பினால் வீட்டிலிருந்து ஒரு போன் கட்டாயம் வரும். "வர்ற வழியில மெடிக்கல்ல பாட்டிக்கு கால்சியம் மாத்திரை ரெண்டு அட்டை வாங்கிட்டு வந்துரு." வாங்குவோம், கொடுப்போம், மறந்துவிடுவோம். அந்த மாத்திரை எதற்கு, எவ்வளவு, யார் சொல்லி, எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்பதில்லை.

நம்மில் பலர் நீலகிரிக்காரர்கள். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் லைன் வீடுகளில் இருக்கும் நம் பாட்டிகள் முப்பது நாற்பது வருஷம் சரிவில் நின்று கொழுந்து பறித்தவர்கள். இப்போது அவர்கள் நடமாடுவதும் அதே ஈரமான படிகளிலும் மேடு பள்ளத்திலும்தான். ஒரு தடவை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பிறகு பழையபடி எழுந்து நடப்பவர்களைவிட நடக்க முடியாமல் போகிறவர்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். அந்த முறிவை ஒரு மாத்திரை தடுக்குமா?

சுருக்கமான பதில்: உடம்பில் கால்சியம் பற்றாக்குறை இருந்தால் உதவும். இல்லாவிட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாது. எப்படி இருந்தாலும் மாத்திரை மட்டும் போதாது. ஏன் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

"எலும்பு தேய்மானம்" என்ற ஒரே வார்த்தையை நாம் இரண்டு வெவ்வேறு நோய்களுக்குப் பயன்படுத்துகிறோம். முட்டி வலிக்கிறது, உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்றால் பெரும்பாலும் அது மூட்டுத் தேய்மானம். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேய்வதால் வருவது. கால்சியம் மாத்திரை அதைச் சரிசெய்யாது.

நாம் பேசப்போவது ஆஸ்டியோபொரோசிஸ். தமிழில் எலும்புப்புரை என்பார்கள். எலும்பு உள்ளுக்குள் பஞ்சு மாதிரி ஓட்டை விழுந்து மெலிவது. இதற்கு வலியே கிடையாது. முதல் அறிகுறியே பல சமயம் ஒரு முறிவுதான். முட்டி வலிக்காக மாத்திரை போட்டுவிட்டு "வலி குறையலையே" என்று நிறுத்துகிறவர்களும் உண்டு, எலும்பு மெலிந்தும் வலி இல்லாததால் எதுவுமே செய்யாதவர்களும் உண்டு. இரண்டுமே இந்தக் குழப்பத்தால் வருவது.

வேலை நிற்காத கட்டடம்

சிவில் நண்பர்களுக்கு இது எளிது. எலும்பு ஒரு ஆர்.சி.சி. மாதிரி. கொலாஜன் என்ற புரத இழைதான் கம்பி, இழுவிசையைத் தாங்கும். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப் படிகம்தான் கான்கிரீட், அழுத்தத்தைத் தாங்கும். இரண்டில் எது குறைந்தாலும் கட்டடம் பலவீனம்தான்.

ஆனால் நம் கட்டடங்களுக்கும் எலும்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எலும்பில் இடிப்பதும் கட்டுவதும் ஒருநாளும் நிற்பதில்லை. பழைய எலும்பைக் கரைக்க ஒரு வகை செல், புதிதாகக் கட்ட இன்னொரு வகை செல். சுமார் முப்பது வயது வரை கட்டுவது ஜெயிக்கும். அதன் பிறகு மெதுவாக இடிப்பது முந்தும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. இடிக்கிற செல்களைக் கட்டுப்படுத்தி வைத்திருந்ததே அந்த ஹார்மோன்தான். அதனால் அடுத்த சில வருஷங்களில் எலும்பு வேகமாகக் குறையும்.

இதில் கால்சியத்தின் பங்கு என்ன? நம் உடம்பில் மொத்தம் ஒரு கிலோ சுமாருக்கு கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். மீதி ஒரு சதவீதம் ரத்தத்திலும் செல்களிலும். ஆனால் இதயம் துடிக்க, நரம்பு வேலை செய்ய, தசை சுருங்க அந்த ஒரு சதவீதம்தான் முக்கியம். அதனால் உடம்பு ரத்தத்தில் 100 மில்லிக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற அளவை விட்டுக்கொடுக்காது. கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள்தான் சென்சார். அளவு கொஞ்சம் இறங்கினாலும் ஹார்மோன் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் விடும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் படித்த நெகடிவ் ஃபீட்பேக்தான் இது.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. எலும்பு என்ற வங்கியிலிருந்து தினமும் கொஞ்சம் எடுத்து ரத்தம் தன் கணக்கை நேராக வைத்துக்கொள்ளும். "பாட்டிக்கு பிளட் டெஸ்ட்ல கால்சியம் நார்மல்" என்றால் எலும்பும் நார்மல் என்று அர்த்தமில்லை. எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்ஸா ஸ்கேன் வேண்டும். அதில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் ஆஸ்டியோபொரோசிஸ் என்று உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வரையறுத்தது.

குன்னூரில் தொடங்கிய கணக்கு

எந்த உணவில் எவ்வளவு சத்து என்ற கணக்கு இந்தியாவில் எங்கே தொடங்கியது தெரியுமா? நம்ம குன்னூரில்தான்.

1918-இல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1928-இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஆனது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார் அவர். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்ற பஞ்சாப் பக்கத்துச் சாப்பாட்டில் எலிகள் நன்றாக வளர்ந்தன. பாலும் காய்கறியும் குறைந்த, தீட்டிய அரிசியை மட்டும் நம்பிய தென்னிந்திய ஏழைச் சாப்பாட்டில் மோசமாக வளர்ந்தன.

அவருக்குப் பின் 1935-இல் பொறுப்பேற்ற ஐக்ராய்ட், நம் உணவுப் பொருட்களின் சத்து அளவுகளைப் பட்டியலிட்டு 1937-இல் வெளியிட்டார். சிறு பிள்ளைகளுக்குச் சாப்பாட்டோடு கால்சியம் லாக்டேட் கொடுத்துச் சோதித்து, அதைப் பற்றி அவரும் கிருஷ்ணனும் 1938-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஆக, அரிசிச் சாப்பாட்டில் கால்சியம் பற்றாது, அதை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியைக் குன்னூர்க் கூடம் எண்பது வருஷத்துக்கு முன்பே கேட்டுவிட்டது. அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத் போனது. இன்று அதன் பெயர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இப்போது நாம் பயன்படுத்தும் உணவுச் சத்துப் பட்டியல் அங்கிருந்து வருவதுதான்.

பாட்டியின் தட்டில் எவ்வளவு?

அந்தப் பட்டியலை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். லைன் வீட்டில் ஒரு பாட்டியின் ஒரு நாள் சாப்பாடு இது என்று வைத்துக்கொள்வோம்:

- நாலு டம்ளர் டீ, எல்லாவற்றிலும் சேர்த்துப் பால் 150 மில்லி: சுமார் 180 மில்லிகிராம் கால்சியம்
- அரிசி 250 கிராம்: சுமார் 20
- சாம்பாரில் துவரம்பருப்பு 30 கிராம்: சுமார் 20
- கேரட், கோஸ், உருளைக்கிழங்கு 100 கிராம்: சுமார் 40

மொத்தம் 260. தேவை எவ்வளவு? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் என்று ஐ.சி.எம்.ஆர். 2020-இல் பரிந்துரைத்தது. அதற்கு முன் 2010 பட்டியலில் அது 600 ஆகத்தான் இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு 1200 என்கிறது அமெரிக்க வழிகாட்டி. இப்போதைய இந்த இரண்டு அளவுகோல்களில் எதை எடுத்தாலும் பாட்டியின் தட்டு கிட்டத்தட்ட கால்வாசியில்தான் நிற்கிறது.

இப்போது சாப்பாட்டை மட்டும் மாற்றிப் பார்ப்போம். 100 கிராம் ராகியில் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே எடை அரிசியில் பத்துக்கும் கீழே. படகர் வீடுகளில் ராகியும் சாமையும் தினசரிச் சாப்பாடாக இருந்தவைதான். ரேஷன் அரிசி வந்ததும் அவை ஓரம் போயின. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து டேன்டீ தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களுக்கும் அரிசிதான் முக்கியச் சாப்பாடு. 2023-இல் தமிழக அரசு, நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியது. 2 கிலோ ராகியில் சுமார் 7200 மில்லிகிராம் கால்சியம். ஒருவரே மாதம் முழுக்கச் சாப்பிட்டால் ஒரு நாளைக்கு 240 வருகிறது. இரண்டு பேர் பங்கு போட்டால் 120.

ஆக, பாட்டிக்குத் தினமும் 60 கிராம் ராகியில் களியோ கூழோ (சுமார் 220), ஒரு டம்ளர் பால் அல்லது தயிர் (சுமார் 240) சேர்த்தால் 260 என்பது 720 ஆகிவிடும். கூடவே முருங்கைக்கீரை, எள்ளு சட்னி, கொள்ளு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலிக் கருவாடு என்று எதையாவது சேர்த்தால் இன்னும் மேலே போகும். சாப்பிட்டதெல்லாம் உடம்பில் ஒட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ராகியில் இருக்கும் பைட்டேட்டும் சில கீரைகளில் இருக்கும் ஆக்சலேட்டும் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ராகியை முளைகட்டி அரைத்தால் பைட்டேட் குறையும்.

இப்படிக் கணக்குப் போட்ட பிறகும் மிச்சம் இருக்கும் பள்ளத்தை நிரப்பத்தான் மாத்திரை. 720 சாப்பிடுகிறவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும். இரண்டு தேவையில்லை. ஏற்கெனவே 1000 சாப்பிடுகிறவருக்கு மாத்திரையே தேவைப்படாமல் போகலாம்.

மாத்திரையைச் சோதித்தபோது

இரண்டு பெரிய பரிசோதனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது பிரான்சில். முதியோர் இல்லங்களில் இருந்த 3270 பெண்கள், சராசரி வயது 84. பாதிப் பேருக்கு தினமும் 1200 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் விட்டமின் டி-யும், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஒன்றரை வருஷத்தில் மருந்து சாப்பிட்டவர்களிடம் இடுப்பு முறிவு 43 சதவீதம் குறைவு. 1992-இல் வெளியான முடிவு இது. உலகம் முழுக்க டாக்டர்கள் கால்சியம் எழுதித் தந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

இரண்டாவது அமெரிக்காவில். 50 முதல் 79 வயது வரை 36,282 பெண்கள். 1000 மில்லிகிராம் கால்சியம், 400 யூனிட் விட்டமின் டி, ஏழு வருஷம். 2006-இல் முடிவு வந்தது. இடுப்பு எலும்பின் அடர்த்தி ஒரு சதவீதம் கூடுதல். இடுப்பு முறிவு 12 சதவீதம் குறைவு, ஆனால் அது தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதான். சிறுநீரகக் கல் மட்டும் நிச்சயமாக 17 சதவீதம் அதிகம்.

ஒரே மருந்து, இரண்டு முடிவு. ஏன்? ஆரம்ப நிலையைப் பாருங்க. பிரான்ஸ் பாட்டிகள் சாப்பாட்டில் எடுத்துக்கொண்டது தினமும் சுமார் 500 மில்லிகிராம் கால்சியம். வெயில் படாமல் உள்ளேயே இருந்ததால் விட்டமின் டி-யும் குறைவு. அமெரிக்கப் பெண்களோ பரிசோதனைக்கு முன்பே சராசரியாக 1100-க்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதி காலியான டேங்கில் ஊற்றினால் மட்டம் ஏறும். நிரம்பிய டேங்கில் ஊற்றினால் வழியத்தான் செய்யும். வழிகிற அந்த கால்சியம் சிறுநீரில்தான் போகும். கல் அதிகமானதில் ஆச்சரியமில்லை.

2018-இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு முறிவைத் தடுக்கவென்று இந்த மாதிரிக் குறைந்த அளவு மாத்திரைகள் வேண்டாம் என்றது. ஏற்கெனவே எலும்புப்புரையோ முறிவோ விட்டமின் டி குறைபாடோ இருப்பவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் சொன்னது. இந்தச் செய்தியைத் தலைப்பில் மட்டும் படித்துவிட்டு "கால்சியம் வேஸ்ட்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால், 260 மில்லிகிராமில் நிற்கும் நம் பாட்டிக்கு அது தப்பான செய்தி.

அடர்த்தி கூடினால் வலிமை கூடுமா?

மெட்டீரியல்ஸ் படித்தவர்களுக்குப் பிடிக்கும் ஒரு கதை. கால்சியம் மட்டுமில்லை, ஃப்ளூரைடையும் ஒரு காலத்தில் எலும்பு மருந்தாக முயன்றார்கள். 1990-இல் வெளியான ஒரு பரிசோதனையில் எலும்புப்புரை இருந்த 202 பெண்களில் பாதிப் பேருக்கு சோடியம் ஃப்ளூரைடு கொடுத்தார்கள். நாலு வருஷத்தில் முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியது! ஆனால் முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. கை, கால் போன்ற மற்ற எலும்புகளில் முறிவு அதிகமானது. ஸ்கேனில் கனமாகத் தெரிந்த எலும்பு, தரத்தில் நொறுங்கும் எலும்பாக இருந்தது.

தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃப்ளூரைடை இழுத்து முற்றிய இலைகளில் சேர்க்கும் செடி. முற்றிய இலையில் செய்த கட்டித் தேயிலையை நாள் முழுக்கக் குடிக்கும் திபெத்தில் அதனால் எலும்பு நோய் வந்திருக்கிறது. இரண்டு இலை ஒரு மொட்டு என்று பறித்த கொழுந்தில் நாலு டம்ளர் டீ குடிப்பதற்காக நாம் பயப்பட வேண்டியதில்லை. பாட்டியின் டீயை நிறுத்தாதீங்க, பாலைக் கொஞ்சம் கூட்டுங்க.

மெக்னீசியம், ஜிங்க், போரான் எல்லாம் சேர்த்து விலையையும் ஏற்றி விற்கும் மாத்திரைகளுக்கும் இதே பாடம்தான். அவை உடம்புக்குத் தேவையான தாதுக்கள், சந்தேகமில்லை. ஆனால் சாப்பாட்டில் குறை இல்லாத ஒருவருக்கு அவை முறிவைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான பரிசோதனை இல்லை.

அட்டையின் பின்பக்கம்

அடுத்த தடவை வாங்கும்போது இவற்றைப் பாருங்க:

- "கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம்" என்று போட்டிருந்தால் அதில் கால்சியம் 500 மட்டும்தான். கார்பனேட்டில் 40 சதவீதம்தான் கால்சியம். சிட்ரேட்டில் 21 சதவீதம்.
- ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் குடல் சரியாக உறிஞ்சாது. இரண்டு மாத்திரை என்றால் காலை ஒன்று, இரவு ஒன்று.
- கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அதனால் சாப்பாட்டோடு போட வேண்டும். கேஸ் மாத்திரை தினமும் போடுகிறவருக்கு அது சரியாகக் கரையாது. சிட்ரேட் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.
- தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது.
- விட்டமின் டி 60,000 யூனிட் என்பது பொதுவாக வாரத்துக்கு ஒன்று, அதுவும் டாக்டர் சொன்ன சில வாரங்களுக்கு மட்டும். தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறும். எழுத்துப் படிக்கத் தெரியாத பாட்டியிடம் டப்பாவைக் கொடுக்கும்போது இதை வாயால் சொல்லிக் கொடுங்க.
- சிறுநீரகக் கல் வந்தவர், கிட்னி பாதிப்பு உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் கால்சியம் தொடங்கவே கூடாது.

மலையில் வெயிலும் படியும்

கால்சியத்தைக் குடல் உறிஞ்ச விட்டமின் டி வேண்டும். அதைத் தோல் வெயிலில் தயாரிக்கும். ஊட்டி 2240 மீட்டர் உயரம். உயரம் ஏற ஏற புற ஊதாக் கதிர் கூடும் என்பதால் வெயில் அடிக்கும் நாளில் மலை வெயில் சமவெளியைவிட வலுவானது. பிரச்சினை, வெயில் அடிக்காத நாட்கள்தான். மாதக்கணக்கில் மழையும் பனிமூட்டமும், ஸ்வெட்டர், மப்ளர், குல்லாய். வேலையில் இருந்தவரை பாட்டிக்கு முகத்திலும் கையிலும் வெயில் பட்டது. ரிட்டையர் ஆனபின் அடுப்பங்கரைதான். வெயில் வந்த நாளில் பதினொரு மணிவாக்கில் கையை மடித்துவிட்டுத் திண்ணையில் உட்காரச் சொல்லுங்க. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் சூடு கிடைக்கும், விட்டமின் டி கிடைக்காது. அதற்குத் தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

எலும்பு சுமைக்கு ஏற்பத் தன்னைக் கட்டிக்கொள்ளும் என்பது 1892-இலேயே ஜூலியஸ் வோல்ஃப் சொன்னது. கூடையைச் சுமந்து மேடு ஏறிய எலும்பு, கட்டிலில் உட்கார்ந்ததும் இளைக்கும். அதனால் நடை வேண்டும். கூடவே நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி, தினமும் பத்துத் தடவை. காலில் பலம் இருந்தால் விழுவது குறையும்.

கடைசியில் விஷயம் அங்கேதான் வந்து நிற்கிறது. இடுப்பு எலும்பு பெரும்பாலும் தானாக முறிவதில்லை, விழும்போதுதான் முறிகிறது. ராத்திரி வெளியே இருக்கும் பாத்ரூமுக்குப் போகும் வழியில் ஒரு எல்.இ.டி. பல்பு, பாசி பிடித்த படியில் ஒரு கைப்பிடிக் கம்பி, தேய்ந்த ரப்பர் செருப்புக்குப் பதில் பிடிப்புள்ள செருப்பு, தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் கண்புரை ஆபரேஷன். இவை ஒரு வருஷ கால்சியம் அட்டைகளைவிட அதிக வேலை செய்யலாம். கம்பி அடிப்பதும் பல்பு மாட்டுவதும் நாம் படிக்கிற படிப்புக்குப் பெரிய காரியமும் இல்லை.

எப்போது மாத்திரை போதாது?

நின்ற நிலையில் விழுந்தே மணிக்கட்டோ இடுப்போ முறிந்தவர், உயரம் குறைந்து கூன் விழுந்தவர், நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர் அல்லது சினைப்பை எடுத்தவர், வீசிங்குக்கோ வாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்: இவர்களுக்கு டெக்ஸா ஸ்கேன் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்க. எலும்பு ஏற்கெனவே மெலிந்திருந்தால் இடிக்கிற செல்களை அடக்கும் வேறு மருந்துகள் இருக்கின்றன. வாரம் ஒரு மாத்திரையாகவும் உண்டு, வருஷத்துக்கு ஒரு ஊசியாகவும் உண்டு. அந்த மருந்துகள் வேலை செய்யவும் கால்சியமும் விட்டமின் டி-யும் போதுமான அளவு இருக்க வேண்டும். அங்கே கால்சியம் மருந்து இல்லை, மருந்துக்குத் தேவையான செங்கல்.

ஆக, இந்த லீவில் ஊருக்குப் போனதும் பாட்டியிடம் "நேத்து காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டு, ஒரு பேப்பரில் எழுதிக் கூட்டிப் பாருங்க. மெடிக்கலுக்குப் போவதா, ரேஷன் கடை ராகிக்குப் போவதா, டாக்டரிடம் போவதா என்பதை அந்த மொத்தம் சொல்லிவிடும்.